வெளிச்சம் அக்கரையில், கமரா இக்கரையில்

இலங்கையில் வேலைக்கும் போய்க்கொண்டு இரவுப் படமும் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு ஒரு வில்லங்கம் உண்டு. மாதம் தவறாமல் ஒரு லீவு நிச்சயம். ஆனால் அது போயா, அதாவது பூரணை. இருட்டைத் தேடிப் போகிறவருக்கு அரசாங்கம் தருகிற ஓய்வு நாள், மாதத்திலேயே வெளிச்சம் கூடிய இரவு. 1966 முதல் 1971 வரை மட்டும் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு நிலவின் நான்கு கட்டங்களுக்கும் லீவு கொடுத்தார்கள். அமாவாசையும் அதில் அடக்கம். அந்த ஆண்டுகளில் நட்சத்திரத்தைப் படம் பிடிக்கத் தோதான கமராவும் பிலிமும் இங்கே எத்தனை பேரிடம் இருந்திருக்கும் என்பது வேறு கதை.

ஆகவே மட்டக்களப்பு வாவிக்கரைக்கோ உன்னிச்சைக் குளத்துக்கோ கமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் கமராக் கையேட்டுக்கு முன்னால் புரட்ட வேண்டியது நாட்காட்டியை. பூரணையில் ஒரு வகைப் படம், அமாவாசையில் வேறொரு வகை. இரண்டையும் ஒரே இரவில் எதிர்பார்த்துப் போகிறவர் நுளம்புக் கடியோடு திரும்புவார்.

பூரணையிலிருந்தே தொடங்குவோம். உச்சி வெயிலுக்கும் முழு நிலவின் ஒளிக்கும் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு வித்தியாசம். மலைக்க வைக்கும் எண்தான், ஆனால் கமராவுக்குள் அடக்கிவிடலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு திறந்தால் போதும். அதே அமைப்பில் நிலவொளியில் எடுக்க 4,000 செக்கன் வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே. லென்ஸை எஃப் 2.8க்குத் திறந்தால் அது 2 நிமிடச் சொச்சமாகிறது. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் 8 செக்கன்.

அந்த 8 செக்கனில்தான் பலர் படத்தைக் கெடுக்கிறார்கள். நிலவில் கிடக்கும் வயல் பகல் போலவே வந்துவிடுகிறது. வானம் நீலம், புல் பச்சை. திரையில் அதைக் கண்டதும் ஒரு சந்தோஷம். ஊருக்குப் போய்ப் பார்த்தால் அது பகலில் யாரோ சுமாராக எடுத்த படமாகத் தெரியும். 2 செக்கனில் எடுத்த படத்தில் பாதி கறுப்பு. வரம்பின் விளிம்பும் தண்ணீரும் மட்டும் மினுங்கும். இரவு என்று ஒருவர் சொல்லாமலே விளங்கும். கமரா எவ்வளவு வெளிச்சத்தை அள்ளித் தருகிறதோ அவ்வளவையும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பது இந்தக் கலையில் பாதி.

நிலவையும் சேர்த்து எடுப்பதென்றால் இன்னொரு சிக்கல். நிலவு வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. அதற்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நூறில் ஒரு செக்கன் போதும். நிலவுக்குச் சரியாக வைத்தால் நிலம் கரி; நிலத்துக்குச் சரியாக வைத்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டு. இதற்கு வழி போயாவுக்கு முதல் நாள் போவது. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழும்புகிறது. பூரணையன்று சூரியன் படவும் நிலவு எழவும் ஏறக்குறைய ஒரே நேரம். முதல் நாள் அது முக்கால் மணித்தியாலம் முந்திவிடும். சூரியன் விழுந்து நிலமும் தண்ணீரும் மங்கிக்கொண்டு வரும்போது, நிலவு ஏற்கெனவே கிழக்கில் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். இரண்டுக்கும் ஒளி ஒத்து வருகிற நேரம் அது.

அந்த நேரம் மிகவும் குறுகியது. ஐரோப்பாவில் எழுதிய போட்டோப் புத்தகங்கள் அந்திக்குப் பின் வரும் நீல வெளிச்சத்தைப் பற்றி ஆற அமரப் பேசும். லண்டனில் யூன் மாதம் அது நெடுநேரம் இழுபடும், அவர்கள் பேசலாம். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைகூட இல்லை. இங்கே சூரியன் சரிந்து போவதில்லை, நேராக விழுகிறது. மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் நீலம் போய்விடும். அதற்குப் பிறகு டிரைபொட்டைப் பூட்டத் தொடங்குகிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை.

இனி எங்கே நிற்பது என்ற கேள்வி. நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான். இருட்டில் படம் பிடிக்க விலை கூடிய லென்ஸை விட நிற்கிற இடம் முக்கியம். மட்டக்களப்பு அந்த இடத்தைத் தானாகவே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்குக் கிழக்கே, கடலோரம், எழுவான்கரை. மேற்கே படுவான்கரை. நகரம், கடைத்தெரு, தெருவிளக்கு, வங்கி எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். வயலும் குளமும் காடும் யானையும் படுவான்கரையில். வெளிச்சமும் இருட்டும் நடுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு இப்படிப் பிரிந்து நிற்கும் ஊர்கள் அதிகமில்லை.

நகரத்துப் பிள்ளைகள் கமரா வாங்கியதும் முதலில் போவது கல்லடிப் பாலத்துக்கு. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1920களில் வந்த பழைய இரும்புப் பாலமும் அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலமும் நல்ல காட்சிதான். ஆனால் பாலத்தின் மேல் நிற்கிறவர் வெளிச்சத்துக்குள்ளேயே நிற்கிறார். தலைக்கு மேல் விளக்கு, முகத்தில் வாகன வெளிச்சம். ஒரு பஸ் போனால் பாலம் அதிரும், கூடவே படமும் அதிரும். அக்கரைக்குப் போங்கள். வலையிறவு, மண்முனைத்துறை, அம்பிளாந்துறை என்று படுவான்கரைத் துறைகள் வரிசையாக இருக்கின்றன. மண்முனையில் 2014இலிருந்து பாலம் உண்டு. அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே பாதைதான், மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். இருட்டுக்குள் நின்று கிழக்கே பார்த்தால் எழுவான்கரை விளக்கு ஒவ்வொன்றும் தண்ணீரில் தூணாக இறங்கும்.

ஏன் தூணாக? தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் கிடந்தால் ஒரு விளக்குக்கு ஒரு புள்ளிதான் தெரிய வேண்டும். சிற்றலை எழும்பியதும் அதன் சரிவு ஒவ்வொன்றும் ஒரு சிறு ஆடியாகிவிடுகிறது. விளக்குக்கும் உங்களுக்கும் இடைப்பட்ட கோட்டில் எங்கெங்கே சரிவு தோதாக வாய்க்கிறதோ அங்கெல்லாம் ஒளி உங்கள் பக்கம் திரும்புகிறது. அதனால்தான் தூண் எப்போதும் பார்க்கிறவரை நோக்கியே நீளும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய தூண் வேறு. 20 செக்கன் திறந்து வைத்தால் அது வழவழவென்று பட்டு நாடாவாகிவிடும். அநேகர் அதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு அந்த வழவழப்பில் அவ்வளவு இஷ்டமில்லை. அரைச் செக்கனில் எடுத்தால் தூண் துண்டு துண்டாக நிற்கும். காற்று எவ்வளவு அடித்தது என்று படமே சொல்லும். பழைய சோடியம் விளக்கின் செம்மஞ்சளும் புதிய எல்ஈடியின் வெள்ளையும் அடுத்தடுத்து விழுந்தால் இன்னும் விசேஷம். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 3,500 கெல்வின் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் இரண்டு நிறமும் பிழைத்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்போது ஆடியாகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. நேர் கீழே பார்த்தால் தண்ணீர் விழும் ஒளியில் வெறும் 2 வீதத்தைத்தான் திருப்பித் தருகிறது, மீதி உள்ளே போய்விடும். பார்வை சரியச் சரிய அது ஏறும். நேர்குத்திலிருந்து 60 பாகை சரிந்தால் 6 வீதம், 80 பாகையில் 35 வீதம், கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகப் பார்த்தால் முழுவதும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் கமராவை வைத்தால் எட்டரை மீற்றருக்கு அப்பால்தான் அந்த 35 வீதம் தொடங்கும். அதற்கு இப்பால் உள்ள தண்ணீர் படத்தில் கறுத்த பட்டையாகக் கிடக்கும். கமராவை 30 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் காலடியிலிருந்து 170 சென்ரிமீற்றரிலேயே ஆடி தொடங்கிவிடும். குனிந்தால் பிரதிபலிப்பு கூடும் என்பது இதுதான்.

ஆனால் எங்கும் குனிய முடியாது. வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. இருட்டில் டோச் அடிக்கும்போது தண்ணீர் மட்டத்தில் இரண்டு செம்புள்ளிகள் திருப்பி மினுங்கினால், அதுவும் பிரதிபலிப்புத்தான்; அதன் கண்ணுக்குப் பின்னாலுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதைப் படம் பிடிக்கக் கிட்டப் போக வேண்டாம். படித்துறையிலோ துருசுக் கட்டிலோ டிரைபொட்டை மட்டும் தாழ்த்தி நிறுத்தி, திரையை மேல்நோக்கி மடக்கி, ஷட்டரை அழுத்தும் கேபிளோடு நீங்கள் பின்னால் நில்லுங்கள். சேற்றில் கால் ஊன்றினால் நீண்ட எக்ஸ்போசரின்போது டிரைபொட் மெல்ல மெல்லப் புதையும். மூன்று சிரட்டையைக் கவிழ்த்து அதன் மேல் கால்களை வைத்தால் நின்றுகொள்ளும்.

உன்னிச்சை நகரத்திலிருந்து தென்மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. ஆயித்தியமலைப் பக்கத்தால் போகலாம். மட்டக்களப்புக் குழாயில் வரும் தண்ணீர் இந்தக் குளத்துத் தண்ணீர்தான். சுற்றியுள்ள வயலுக்கும் இதுதான். வடகீழ்ப் பருவமழைக்குப் பிறகு குளம் நிரம்பி, சில வேளை வான்கதவு திறக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட விட மட்டம் இறங்கி, ஓகஸ்ட் ஆகும்போது கரை விலகிச் சேறு தெரியும். நிறைந்த தண்ணீரும் துலங்கிய வானமும் ஒன்றாகக் கிடைப்பது மார்ச், ஏப்ரலில். வறட்சிக் காலத்தில் யானைகள் தண்ணீருக்கு இறங்குவதும் இந்தப் பக்கம்தான். அதனால் வட்டைக் காவலுக்கு ஆள் விழித்திருக்கும். இருட்டில் குளக்கட்டால் தனி வெளிச்சம் ஒன்று நடந்து போனால் அவர்களுக்கு அது வேட்டைக்காரன் அல்லது வில்லங்கம். எனக்கும் ஒரு முறை பரணிலிருந்து குரல் வந்தது.

"ஆரு மனே அது? டோச்ச நூருங்க."

"போட்டோ எடுக்க வந்திருக்கன், பெரியப்பா."

"எடுக்கிறதெண்டா அந்தியோட எடுத்துப்போட்டுப் போயிரணும். மறுகா நாங்க யானை வெடி போடுவம். பயந்து குளத்துக்குள்ள பாயப்படா."

அதற்குப் பிறகு மாலையிலேயே போய்ப் பரண்காரரிடம் இன்ன இடத்தில் நிற்பேன், இத்தனை மணிக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டில் ஏறுகிறேன். தனியாகப் போவதுமில்லை.

இந்தப் பக்கத்தில் இரவு வெளிச்சத்துக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 2007இல் கிழக்கில் யுத்தம் ஓயும்வரை படுவான்கரைக்கு இரவு என்றால் குப்பி லாம்பு. வெளியே வெளிச்சம் என்றால் பரா. முகாமிலிருந்து சுடும் பரா வெளிச்சம் மெல்ல இறங்கி வரும்போது வயலும் வாவியும் சில நிமிடம் பகலாகும், நிழல்கள் நகரும், பிறகு முன்னையதிலும் கனமான இருட்டு. நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் அந்த வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வார்கள். ஊர்க்காரர் எவரும் எடுத்த படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பொழுதுபட்ட பிறகு கமராவோடு வெளியே நிற்கிற காலமா அது? பாலத்தையோ முகாமையோ பகலில் எடுப்பதே உயிருக்கு வினை. இன்றைக்கும் முகாம் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாமலிருப்பது நல்லது.

அமாவாசைக்கு வருவோம். மார்ச், ஏப்ரலில் நள்ளிரவு தாண்டினால் விருச்சிகமும் அதன் வாலோடு பால்வீதியின் தடித்த பகுதியும் தென்கிழக்கில் ஏறி நிற்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் இரவு 11 மணி அளவில் நேர் தெற்கே திரிசங்கு, அதாவது தென் சிலுவை, அடிவானிலிருந்து 22 பாகை உயரத்தில் நிற்கும். லண்டன்காரருக்குக் கிடைக்காத காட்சி இது. தெற்கு நோக்கித் தண்ணீர் விரியும் இடமாகப் பார்த்து நின்றால் அது குளத்திலும் விழும். ஆனால் அந்த உயரத்து நட்சத்திரத்தின் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் தண்ணீர் திருப்பித் தரும். வானில் பளிச்சென்று தெரியும் வெள்ளி, குளத்தில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மங்கும். அடிவானை ஒட்டியவைதான் தண்ணீரில் நன்றாக வரும். 20 மில்லிமீற்றர் லென்ஸில் 15 செக்கனுக்கு மேல் திறந்தால் பூமி சுற்றுவது படத்தில் பதிந்து புள்ளி கோடாகும். ஃபோக்கசுக்குத் தானியங்கியை நம்பவே வேண்டாம். தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்பி, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். காற்று ஓய்வது பெரும்பாலும் விடியப் புறம் 4, 5 மணிக்கு. நித்திரை முழித்ததற்குக் கூலி அப்போதுதான்.

பிலிம் காலத்தில் இதெல்லாம் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை. 1933இல் பாரிஸின் இரவைப் புத்தகமாகத் தந்த பிரசாய், சிகரெட் எரியும் நேரத்தை வைத்து எக்ஸ்போசரை அளந்தார். இருட்டு கூடினால் தடித்த சிகரெட். இன்றைக்குப் போனே அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. 2018இல் கூகுள் பிக்சலில் வந்த இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறது. இப்போது அநேகமான போன்களில் அதன் ஏதோவொரு வகை உண்டு. கட்டடத்துக்கும் மரத்துக்கும் அது நன்றாக வேலை செய்யும். தண்ணீரில் தடுமாறும், அடுத்தடுத்த படங்களில் அலை ஒரே இடத்தில் நிற்காதே. பிரதிபலிப்பு பூசி மெழுகியதுபோல் வந்தால் காரணம் இதுதான். போன்தான் இருக்கிறதென்றால் இரவு முறையை அணைத்துவிட்டு, திரையில் விளக்கின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கையில் மடித்த சாறத்தை வைத்து அதன் மேல் போனைச் சாய்த்து, 3 செக்கன் டைமரில் எடுங்கள். செலவில்லாத டிரைபொட்.

தண்ணீரை விட்டுக் கரைக்கு ஏறினாலும் படுவான்கரையில் இருட்டும் பிரதிபலிப்பும் கூடி வரும் இடம் ஒன்று இருக்கிறது, கூத்துக் களரி. அறுவடை முடிந்த காலத்தில் இரவிரவாக ஆடுவார்கள். வடமோடிக் கூத்தில் அரசன் முடியிலும் தோளணியிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும். அலங்காரம் மட்டுமென்று நினைக்க வேண்டாம். தீவட்டியும் பிறகு பெற்றோமாக்ஸும் மட்டும் இருந்த காலத்தில், வட்டக்களரியைச் சுற்றி எந்தப் பக்கம் இருந்து பார்ப்பவருக்கும் ஆட்டக்காரர் சுழலும்போது ஒரு மினுக்கம் போய்ச் சேர இந்தத் துண்டுகள்தான் வழி. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றியபோது ஆட்டம் வட்டக்களரியிலிருந்து மின்விளக்கு மேடைக்கு மாறியது. ஊர்க் களரிக்கு இப்போது டியூப் லைட் வந்திருக்கிறது. நான்கு பக்கமும் டியூப் லைட் கட்டினால் நிழல் செத்துப் போகும், கண்ணாடியும் வெறும் கண்ணாடியாகிவிடும். பார்க்க வசதி, படத்துக்கு நாசம்.

ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்க 125இல் ஒரு செக்கனாவது வேண்டும். எஃப் 2, ஐஎஸ்ஓ 3200 பக்கத்தில் வரும். கண்ணாடித் துண்டு வெளுத்துப் போகாமலிருக்க ஒரு படி குறைத்து வையுங்கள். இன்னொரு விதமும் இருக்கிறது. ஷட்டரைக் கால் செக்கனுக்கு இறக்கிவிட்டு, மத்தளம் உச்சத்துக்குப் போய் ஆட்டக்காரர் சுழலும் கணத்தில் அழுத்துங்கள். உடல் கலங்கிவிடும், துண்டுகள் ஒவ்வொன்றும் இருட்டில் ஒரு கோடு இழுக்கும். பத்தில் ஒன்பது குப்பைக்குப் போகும். மிஞ்சும் ஒன்றில் ஆட்டத்தின் சுற்று அப்படியே வந்திருக்கும்.

பிளாஷ் மட்டும் கூடாது. அத்தனை கண்ணாடியும் அதை உங்கள் லென்ஸுக்கே திருப்பி அடிக்கும். ஆட்டக்காரருக்கும் கண் கூசித் தாளம் தப்பும். அரங்கேற்றத்துக்கு முன்னால் அடுக்குப் பார்க்கிற இரவுகளிலேயே போய் ஒரு மூலையில் இருந்து பழகிக்கொள்ளுங்கள். யார் எந்தப் பக்கம் சுழல்வார், எந்த விருத்தத்துக்குப் பிறகு ஆட்டம் விரையும் என்று பிடிபட்டுவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் கேட்டால், ஒரு வரவுக்காவது இரண்டு பக்க டியூப் லைட்டை நூர்த்துத் தருவார். பதிலுக்கு நல்ல படமாக ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்தால் அடுத்த வருடம் டியூப் லைட் நூராது.